சியோலில் அரண்மனையையும் கடைவீதியையும் பிரிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயண இணைப்பில் தென்கொரியத் தலைநகர் சியோலைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சியோலுக்குத் தெற்கே உள்ள சுவோன் நகரில் ஆய்வுப் பணியில் இருப்பவன் நான். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தலைநகரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு அடிக்கடி என் தலையில் விழும் என்பதால், அந்தக் கட்டுரையைக் குறித்துச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். அதில் இருந்த தகவல்களில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால், காலையில் அரண்மனை, மதியத்துக்கு மேல் ஷாப்பிங் என்று நகரத்தை இரண்டாக வகிர்ந்து காட்டியிருந்த முறை எனக்கு வருத்தம் தந்தது. சியோலில் அரசர்கள் நடந்த தெருவும் வணிகர்கள் கடை விரித்த தெருவும் பல இடங்களில் ஒன்றுதான். அவற்றைப் பிரித்துப் பார்க்கும் பயணிக்கு வரலாறும் அரைகுறையாகவே கிடைக்கிறது, கடைவீதியும் வெறும் கடைகளாகவே தெரிகிறது.

இந்தப் பிரிவினை கட்டுரையாளரின் தனிக்கருத்து அன்று. சுற்றுலா நிறுவனங்கள் அச்சிட்டுத் தரும் பயணத் திட்டங்களிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். குழுவாக வருபவர்களை கியோங்போக்குங் அரண்மனை வாசலில் இறக்கிவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் பேருந்துக்குத் திரும்பச் சொல்வார்கள். அதன் பிறகு ஜின்செங் விற்பனைக்கூடம், அழகுசாதனப் பொருள் கடை, வரியில்லாக் கடை என்று பொழுது முழுவதும் கரையும். குழுக்களை அழைத்துவருபவர்களுக்குக் கடைக்காரர்கள் கமிஷன் தருவது இந்தத் தொழிலில் ஊரறிந்த செய்தி. பயணக் கட்டணத்தைக் குறைத்து ஆளைச் சேர்த்துவிட்டு, குறைத்த தொகையைக் கமிஷனில் ஈடுகட்டும்போது, கமிஷன் தராத அரண்மனையின் நேரம்தான் வெட்டுப்படுகிறது. அப்படி ஒரு குழுவில் வந்திருந்த என் சித்தப்பா, அரியணை மண்டபத்தின் முற்றத்தில் படம் எடுத்து முடிப்பதற்குள் கொடி பிடித்த வழிகாட்டி எல்லோரையும் வெளியே அழைத்துவிட்டதாகவும், ஜின்செங் கூடத்தில் மட்டும் யாரும் அவசரப்படுத்தவில்லை என்றும் என்னிடம் ஆதங்கப்பட்டார். அறுபது வயதைக் கடந்து, சேமித்த பணத்தில் இவ்வளவு தொலைவு வந்தவருக்கு இது நியாயமா?

கியோங்போக்குங் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடிக்கும் இடம் அன்று. ஜோசொன் அரச மரபை நிறுவிய தேஜோ மன்னர் காலத்தில், 1395-இல் எழுந்த அந்த அரண்மனை 1592-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்து, இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக இடிபாடாகக் கிடந்து, 1867-இல்தான் மறுபடியும் கட்டப்பட்டது. பிறகு வந்த ஜப்பானிய ஆட்சியில் அதன் பெரும்பாலான கட்டடங்கள் அகற்றப்பட்டன. அரியணை மண்டபத்தை நகரத்தின் பார்வையிலிருந்து மறைத்தாற்போல, அதன் முன்னாலேயே 1926-இல் குடியேற்ற அரசின் தலைமையகம் எழுப்பப்பட்டது. விடுதலையின் 50-ஆம் ஆண்டு நிறைவு நாளான 1995 ஆகஸ்ட் 15 அன்று அந்தக் கட்டடத்தின் கோபுர உச்சியைக் கழற்றி இறக்கினார்கள். அடுத்த ஆண்டுக்குள் முழுவதையும் இடித்து முடித்தார்கள். முகப்பு வாயிலான குவாங்ஹ்வாமுன் 1968-இல் கான்கிரீட்டில் கட்டப்பட்டு, 2010-இல் பழைய முறைப்படி மரத்தில் திரும்பக் கட்டப்பட்டது. அதன் எதிரே உள்ள கல்மேடை 2023-இல்தான் மீட்கப்பட்டது. வாடகைக்கு எடுத்த ஹன்போக் என்னும் கொரிய மரபு உடையை அணிந்து வருபவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பதைக் கட்டுரை சொன்னது. மற்றவர்களுக்கும் கொரிய நாணயத்தில் 3,000 வொன்தான். ஆனால், வடகோடியில் இருக்கும் கொன்சோங்குங் வளாகம் வரை நடந்து போனால்தான், 1895-இல் மியோங்சோங் அரசி ஜப்பானியக் கையாள்களால் கொல்லப்பட்ட இடத்தைப் பார்க்க முடியும். கொரியாவின் முதல் மின்விளக்கு 1887-இல் எரிந்ததும் அங்கேதான். ஒரு மணி நேரக் குழுவினரின் கால்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

இனி கடைவீதிக்கு வருகிறேன். ஆடம்பரப் பொருள் வாங்க வருபவர்கள் முதலில் போகும் இடம் மியோங்டாங் பகுதி. அங்கே ஷின்செகே பேரங்காடியின் தலைமைக் கிளை இருக்கிறது. எதிர்ச்சாரியில் கொரிய வங்கியின் பழைய கல் கட்டடம் நிற்கிறது. இந்த நாற்சந்தியில் பத்து நிமிடம் நின்று சுற்றிலும் பார்த்தாலே குடியேற்றக் காலத்து நகரம் எப்படி இருந்தது என்பது விளங்கிவிடும். ஷின்செகேயின் பழைய கட்டடம் 1930-இல் ஜப்பானின் மித்சுகோஷி நிறுவனத்துடைய கிளையாகத் திறக்கப்பட்டது. கொரிய மண்ணில் முதல் நவீன பேரங்காடி அதுவே. எதிரே 1912-இல் கட்டிய வங்கி இப்போது நாணய அருங்காட்சியகம், அனுமதி இலவசம். விடுதலைக்குப் பின் அங்காடிக்குப் பெயர் மாறியது. கொரியப் போர்க்காலத்தில் அதே தளங்களில் அமெரிக்கப் படையினருக்கான கடை நடந்தது. இன்று கொரியாவின் பெருமைக்குரிய ஓவியராகப் போற்றப்படும் பாக் சூ-குன் அப்போது அங்கே படைவீரர்களுக்கு உருவப்படம் வரைந்து குடும்பத்தைக் காப்பாற்றினார். ஷின்செகே என்ற பெயர் 1963-இல்தான் வந்தது. 1935-இல் வங்கித் தலைமையகமாகக் கட்டப்பட்ட பக்கத்துக் கட்டடத்தையும் இதே நிறுவனம் வாங்கிப் புதுப்பித்து, 2025 ஏப்ரலில் திறந்திருக்கிறது. கீழே ஷனேல் கடை. மேல்தளங்களில் வணிக வரலாற்றுக்கும் கொரியக் கைவினைகளுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆடம்பரக் கடைக்குள் நுழைந்தே ஒருவர் வரலாற்றைப் பார்த்துவிட்டு வரலாம் என்னும் நிலையில், ‘ஷாப்பிங் மட்டும்’ என்று அந்த மதியத்தைக் குறித்துவைப்பதற்குப் பொருள் இல்லை.

அங்கிருந்து பொடிநடையாக வடக்கே போனால் லோட்டே பேரங்காடி. அதற்கு அருகில், பெரிய ஓட்டல் ஒன்றின் பின்புறத் தோட்டத்தில், எண்கோண வடிவில் மூன்றடுக்குக் கூரையோடு ஒரு கட்டடம் நிற்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் கண்ணில் படாது. கையில் பைகளோடு போகிற பயணிகளில் நூற்றில் ஒருவர்கூட உள்ளே திரும்பி நான் பார்த்ததில்லை. 1897-இல் கோஜோங் மன்னர், சீனப் பேரரசுக்குக் கட்டுப்பட்டவன் அல்லன் நான் என்று உலகுக்கு அறிவித்துப் பேரரசராக முடிசூடியது இந்த ஹ்வாங்குதான் வளாகத்தில்தான். வானுக்கு வழிபாடு செய்யும் வட்டக் கல்மேடை இங்கே இருந்தது. ஜப்பானிய அரசு 1913-இல் அதை இடித்துவிட்டு, அந்த மண்ணில் ரயில்வே துறையின் ஓட்டலைக் கட்டியது. 1899-இல் எழுந்த எண்கோணக் கட்டடம் மட்டும் ஓட்டல் தோட்டத்துக்கு அழகுசேர்க்கும் பொருளாகத் தப்பிப் பிழைத்தது. அதன் பக்கத்தில், மன்னரின் 40 ஆண்டு ஆட்சியைக் கொண்டாட 1902-இல் வைத்த மூன்று கல் முரசுகள் இருக்கின்றன. அவற்றின் பக்கங்களைச் சுற்றிலும் செதுக்கியிருக்கும் டிராகன்களின் செதில்களைக்கூட இன்றும் ஒவ்வொன்றாக எண்ணலாம். வளாகத்தின் பழைய வாயில் எங்கே போயிற்று என்று தெரியாமலே இருந்து, நகரின் வடபுறத்தில் வேறொரு ஓட்டலின் நுழைவாயிலாக நிற்பது 2007-இல் அடையாளம் காணப்பட்டு, 2009-இல் திரும்பக் கொண்டுவரப்பட்டது. இழந்த அரசுரிமையின் கதையை இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு தெளிவாகச் சொல்லும் வேறோர் இடத்தை நான் சியோலில் பார்த்ததில்லை. சாலையைக் கடந்தால் அதே கோஜோங் வாழ்ந்த தோக்சுகுங் அரண்மனை. உள்ளே 1910-இல் முடிந்த மேல்நாட்டுப் பாணிக் கல் மாளிகையும் உண்டு.

ஷின்செகே நாற்சந்தியிலிருந்து தென்மேற்கே நடந்தால் நம்தேமுன் சந்தை. அதன் முனையில் 1398-இல் கட்டப்பட்ட சுங்னியேமுன் நகர வாயில். 2008 பிப்ரவரியில், நில இழப்பீட்டில் ஆத்திரமடைந்த ஒரு முதியவர் வைத்த தீயில் அதன் மரக்கட்டுமானம் எரிந்து சரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து நாடே கலங்கியது. ஐந்தாண்டுப் பணிக்குப் பின் 2013 மே மாதத்தில் திறந்தார்கள். சில மாதங்களிலேயே மரத்தின் மேல் பூசிய வண்ணம் உரியத் தொடங்கி, பழைய முறையில் செய்ய வேண்டிய பசையில் வேதிப்பொருளைக் கலந்தது வெளிப்பட்டு, வழக்கு வரை போனது. கொரியர்கள் இதையெல்லாம் மூடி மறைப்பதில்லை, கேட்டால் சொல்கிறார்கள்.

வணிகமே இந்த நகரத்தின் வரலாறு என்பதை ஜோங்னோ தெரு இன்னும் அழுத்தமாகச் சொல்லும். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசாங்கம் இந்தத் தெருவின் இருபுறமும் வரிசைக் கடைகளைக் கட்டி, பட்டு, பருத்தி, காகிதம், மீன் ஆகியவற்றை விற்கும் உரிமையைக் குறிப்பிட்ட வணிகர்களுக்குத் தந்தது. ஜப்பானியக் காலத்தில், மித்சுகோஷிக்குப் போட்டியாகக் கொரிய முதலாளி ஒருவரின் ஹ்வாஷின் பேரங்காடி நின்றதும் இதே தெருவில்தான். அது 1987-இல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது ஜோங்னோ கோபுரம் இருக்கிறது. அதன் அருகே ஓர் அலுவலக உயர்மாடிக் கட்டடத்தின் அடித்தளத்துக்கு இறங்கிப் போகும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடித்தளம் தோண்டும்போது வெளிப்பட்ட ஜோசொன் காலச் சந்துகளையும் வீட்டு அடிவாரங்களையும் இருந்த இடத்திலேயே காத்து, 2018-இல் கோங்பியோங் வரலாற்றுத்தல அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். கண்ணாடித் தளத்தின் மேல் நடந்தபடி, காலுக்குக் கீழே பழைய தெருவைப் பார்க்கலாம். கட்டடம் கட்டியவருக்கு இதனால் நட்டம் வராதபடி, கூடுதல் தளப் பரப்புக்கு நகராட்சி அனுமதி தந்தது. பழமையைக் காக்கவும் வேண்டும், தொழிலும் நடக்க வேண்டும் என்ற சிக்கலுக்கு நான் பார்த்ததில் மிக நேர்த்தியான தீர்வு இதுதான்.

எல்லாம் இப்படி இணக்கமாகவே நடப்பதாகவும் எழுதிவிடக் கூடாது. ஜோசொன் மன்னர்களின் முன்னோர் வழிபாட்டுத் தலமான ஜோங்மியோ 1995 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 101 மீட்டர் நீளமுள்ள அதன் முதன்மை மண்டபத்தில் 19 அறைகள் வரிசையாக உள்ளன. முற்றத்துக்குப் போகும் கல்பாவிய பாதையில் உயர்ந்திருக்கும் நடுப்பகுதி மறைந்த மன்னர்களின் ஆவிகளுக்குரியது. அதில் கால் வைக்கக் கூடாது. பல ஆண்டுப் பழுதுபார்ப்பு முடிந்து 2025 ஏப்ரலில்தான் மன்னர்களின் பெயரால் வழிபடப்படும் நினைவுப் பலகைகள் ஊர்வலமாகத் திரும்பக் கொண்டுவரப்பட்டன. அதே ஆண்டில், எதிரே உள்ள பழைய வணிகப் பகுதியில் முன்பு 71.9 மீட்டராக இருந்த கட்டட உயர வரம்பை 140 மீட்டருக்கும் மேலாக நகர நிர்வாகம் உயர்த்தியது. தேசிய மரபுரிமைத் துறை அதைக் கடுமையாக எதிர்த்தது. வானத்தைத் தவிர வேறெதுவும் தெரியக் கூடாத முற்றம் அது. அதன் எல்லையில் கண்ணாடிக் கோபுரங்கள் எழும்பினால் பிறகு திருத்த வழியில்லை என்பதால், நான் மரபுரிமைத் துறையின் பக்கமே நிற்கிறேன்.

ஹான் ஆற்றின் தென்கரையில் இருக்கும் கங்நாம் பகுதியைப் பற்றிக் கட்டுரை ஆடம்பரக் கடைகளை மட்டுமே எழுதியிருந்தது. அங்கேயுள்ள ஷின்செகே கிளை 2023-இல் 3 லட்சம் கோடி வொன் விற்பனையைத் தாண்டிய, கொரியாவின் முதல் தனிக் கிளை என்பது உண்மைதான். ஆனால், கோயெக்ஸ் வணிக வளாகத்துக்கு நேர் எதிரே 794-இல் நிறுவப்பட்ட போங்உன்சா புத்த ஆலயம் இருக்கிறதே! அதன் புத்த சூத்திர நூல்களின் அச்சுப்பலகைகளைக் காக்கும் மண்டபத்தின் பெயர்ப்பலகையை எழுதியவர், கொரியாவின் தலைசிறந்த எழுத்தோவியர் கிம் ஜோங்-ஹி. 1856-இல், இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன், 71 வயதில் நோயுற்றிருக்கும்போது எழுதியது என்று பலகையிலேயே குறித்திருக்கிறார். இரண்டே எழுத்துகள், வாழ்நாள் முழுவதும் பயின்ற நளினத்தையெல்லாம் உதறிவிட்டு, பள்ளிப் பிள்ளை எழுதியதுபோல் தடித்த நேர்கோடுகளில் எழுதியிருக்கிறார். ஆலயத்திலிருந்து சிறிது தொலைவில், உயர்மாடிகள் சூழ்ந்த சொன்ஜோங்னுங் அரச கல்லறைகள். ஜோசொன் அரச கல்லறைகள் 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது இவையும் சேர்ந்தன. நுழைவுக் கட்டணம் 1,000 வொன். அக்கம்பக்கத்து அலுவலக ஊழியர்கள் உணவு இடைவேளையில் அந்தப் பைன் மரங்களின் நடுவே நடை போகிறார்கள்.

சோங்டாம் பகுதியில் 2019-இல் திறந்த லூயி விட்டான் கடையின் அலையலையான கண்ணாடிக் கூரையைக் கட்டுரையாளர் வியந்து எழுதியிருந்தார். அதை வடிவமைத்த ஃபிராங்க் கெரி, நான் வசிக்கும் சுவோனின் ஹ்வாசோங் கோட்டையிலிருந்தும், டோங்னே கொக்கு நடனம் என்னும் கொரிய மரபு நடனத்தில் ஆடுபவரின் வெண்ணிற அங்கியிலிருந்தும் அந்த வடிவத்துக்கு ஊக்கம் பெற்றார் என்ற செய்தியும் சேர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1794 முதல் 1796 வரை ஜோங்ஜோ மன்னர் கட்டிய அந்தக் கோட்டை சியோலிலிருந்து ஒரு மணி நேர ரயில் பயணம்தான். கண்ணாடிக் கூரையைப் பார்த்தவர்கள் அதற்கு மூலமான கோட்டை மதிலையும் ஒரு முறை வந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

வாங்குவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஆடம்பரப் பொருள்கள் கொரியாவில் மலிவு என்ற எண்ணம் நம்மவர்களிடையே பரவலாக இருக்கிறது, அது சரியன்று. 2022-இல் ஆடம்பரப் பொருள்களுக்குத் தலைக்குச் சராசரியாக 325 டாலர் செலவிட்டு கொரியர்கள் உலகிலேயே முதலிடத்தில் இருந்ததாக மார்கன் ஸ்டான்லி நிறுவனம் கணித்தது. வாங்குவதற்கு இத்தனை பேர் விடியலிலேயே வரிசையில் நிற்கும் ஊரில் கடைக்காரர் விலையைக் குறைக்க வேண்டிய தேவை என்ன? விலையில் அடங்கியிருக்கும் 10 சதவீத வரியில் ஒரு பகுதியை வெளிநாட்டுப் பயணிகள் திரும்பப் பெறலாம்; 2024 முதல் 15,000 வொன்னுக்கு வாங்கினாலே இந்தச் சலுகை உண்டு, கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஆனால், நம் விமான நிலையத்தில் சுங்க வரம்பைத் தாண்டினால், கொரியாவில் திரும்பப் பெற்றதைவிட அதிகமாக அங்கே கட்ட நேரிடும்.

ஆடம்பரம் என்றால் பாரிஸ் பெயர் பொறித்த கைப்பை மட்டும்தானா? கொரியாவில் அரசர்களும் பிரபுக்களும் ஆடம்பரமாகக் கருதியது முத்துச்சிப்பி பதித்த அரக்குப் பெட்டிகளை. அபலோன் சிப்பியின் உட்புறத்தைத் தாள்போல் மெல்லியதாகத் தேய்த்து, மயிரிழை போன்ற ரம்பத்தால் கொடியும் கொக்குமாக அறுத்து, அரக்குப் பூசிய மரத்தின் மேல் ஒட்டி, அதன் மேல் மீண்டும் மீண்டும் அரக்குப் பூசி, சிப்பி வெளியே தெரியும்வரை மெருகேற்றுவார்கள். நல்ல கைவினைஞர் செய்த பெட்டியை வெளிச்சத்தில் சாய்த்தால் பச்சையும் ஊதாவும் மாறி மாறி ஓடும். விலை கையைக் கடிக்கும். ஆனால், அந்தப் பணம் கைவினைஞருக்குப் போய்ச் சேரும். இன்சாடாங் தெருவில் கேட்டு வாங்கலாம். அங்கே வெளிநாட்டில் செய்த மலிவுப் பொருள்களும் கலந்திருப்பதால், எங்கே செய்தது என்று விசாரிக்காமல் வாங்கக் கூடாது.

சியோலின் பழைய குடியிருப்புப் பகுதியான புக்சோனின் ஓட்டு வீடுகளைப் பற்றிக் கட்டுரை சொன்னதில் முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது. அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். பயணிகளின் இரைச்சலும் குப்பையும், வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கும் வழக்கமும் தாங்காமல் பலர் வீட்டை விட்டுப் போனதால், நெரிசல் மிகுந்த சந்துகளில் மாலை 5 மணி முதல் மறுநாள் காலை 10 மணி வரை சுற்றுலாப் பயணிகள் வரத் தடை விதித்திருக்கிறார்கள். மீறினால் 2025 மார்ச் முதல் 1,00,000 வொன் அபராதம். அந்த வீடுகளில் பல, பலரும் நினைப்பதுபோல் அரசவைப் பிரபுக்களின் மாளிகைகள் அல்ல. ஜப்பானியர்கள் நகரின் வடபகுதியிலும் நிலம் வாங்கத் தொடங்கிய காலத்தில், ஜோங் செ-குவொன் என்ற கொரியக் கட்டுமானத் தொழிலதிபர், பெரிய மனைகளைச் சிறு மனைகளாகப் பிரித்து, கொரியக் குடும்பங்கள் தொடர்ந்து அங்கே வாழும்படி கட்டிக் கொடுத்த 1930-களின் வீடுகள் அவை. கொரியர்கள் குடியிருக்க வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்ட தெருவில், குடியிருப்பவர்களை விரட்டும் கூட்டமாக நாம் போய் நிற்கக் கூடாது.

ஆசிரியர் அவர்களிடம் சில வேண்டுகோள்கள். அடுத்த முறை சியோலைப் பற்றி எழுதும்போது, கியோங்போக்குங்கும் ஜோங்மியோவும் செவ்வாய்க்கிழமையிலும், சாங்டியோக்குங் அரண்மனை, தோக்சுகுங், சொன்ஜோங்னுங் ஆகியவை திங்கட்கிழமையிலும் மூடியிருக்கும் என்பதைக் கட்டம் கட்டி வெளியிடுங்கள். இது தெரியாமல் வந்து பூட்டிய வாயிலின் முன் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜோங்மியோவை வார நாள்களில் பெரும்பாலும் வழிகாட்டியுடன்தான் பார்க்க முடியும் என்பதையும் அதோடு சேர்க்கலாம். சுற்றுலா நிறுவனங்களின் விளம்பரங்களை வெளியிடும்போது, ஒவ்வோர் இடத்திலும் எத்தனை மணி நேரம், திட்டத்தில் எத்தனை கடைகள், அவற்றில் எவை கட்டாயம் என்பதைப் பயணத் திட்டத்தில் எழுத்தில் தரும்படி அவர்களைக் கேளுங்கள். முன்பணம் கட்டும் முன் இந்த மூன்றையும் வாசகர்களும் கேட்க வேண்டும். பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தில் பணம் கட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
சுவோன், தென்கொரியா.